கண்டுபிடித்துத் தரட்டும், கணக்குக் கேட்போம்!

ஆயுத பூசை நாளன்று ஓசூர் சிப்காட் ஓரத்திலே உள்ள எந்த லேத் பட்டறைக்குள் நுழைந்தாலும் அந்தக் காட்சியைக் காணலாம். ஆண்டு முழுதும் இரும்பைச் சீவித் தள்ளும் இயந்திரம், அன்று மட்டும் நெற்றியிலே சந்தனமும் குங்குமமும் தாங்கி, கழுத்திலே கதம்பம் சூடி, மணமேடை ஏறிய மாப்பிள்ளைபோல் நிற்கும். வாயிலிலே உடைந்த பூசணிக்காய்! உள்ளே ஊதுவத்திப் புகை! அப்படியொரு பட்டறைக்கு நாமும் சென்றிருந்தோம். பொரியும் கடலையும் கை நிறையத் தந்த பட்டறைக்காரர், வயதிலே மூத்தவர், நம்மிடம் அன்பு மிக்கவர், பழுத்த ஆத்திகர். பொரியோடு ஒரு கேள்வியையும் சேர்த்துத் தந்தார்.

"ஏன் வாத்தியாரே, கடவுள் இல்லை, இல்லைன்னு சொல்றீங்களே, நாளைக்கே ஒரு விஞ்ஞானி 'இதோ கண்டுபிடிச்சிட்டேன்'னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க? கருப்புச் சட்டையைக் கழற்றிடுவீங்களா?"

சுற்றி நின்றோர் சிரித்தனர். தமிழிலே ஒருவர் கேலி பேச, தெலுங்கிலே ஒருவர் அதற்கு மெருகேற்ற, கன்னடத்திலே ஒருவர் முடித்து வைத்தார். எல்லைப்புற ஊரல்லவா, கேலிக்கு மட்டும் இங்கே மும்மொழித் திட்டம் நடைமுறையிலே இருக்கிறது!

கேள்வி நல்ல கேள்வி. அதைக் கேலியென்று ஒதுக்குவது கோழைத்தனம். மடக்கிவிட்டோம் என்று மகிழும் ஆத்திக அன்பர்கள் பலர் இதே கேள்வியை மேடையோரத்திலும், தேநீர்க் கடையிலும், பேருந்து நிலையத்திலும் கேட்கின்றனர். ஆகவே பட்டறையிலே பொரி தீருமுன் சொன்ன விடையை இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

விடை மிகச் சிறியது. ஏற்றுக்கொள்வோம்! இருக்கிறார் என்று மெய்ப்பிக்கப்பட்டால், இருக்கிறார் என்று சொல்லுவோம். அதிலே வெட்கம் என்ன, வீழ்ச்சி என்ன? தந்தை பெரியாரிடமே இப்படிக் கேட்கப்பட்டதாகவும், கடவுள் நேரிலே வந்து நின்றால் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறேன் என்ற பொருளிலே அவர் விடையளித்ததாகவும் இயக்கத்தவர் பல்லாண்டாகச் சொல்லி வருகின்றனர். அந்த விடையிலே ஆத்திரம் இல்லை, அச்சம் இல்லை, தத்துவத் தடுமாற்றமும் இல்லை. கண்டதைக் கண்டோம் என்பவன், காணாததைக் காணோம் என்கிறான். அவ்வளவே நாத்திகம். இல்லை என்பது நமக்கு ஒரு வேதவாக்கு அன்று. இதுவரை வந்த சான்றுகளைப் புரட்டிப் பார்த்து எழுதிய தீர்ப்பு. புதிய சான்று வந்தால் தீர்ப்பு திருத்தப்படும்.

ஆனால் அன்பர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். "விஞ்ஞானம் கண்டுபிடித்தால்" என்று அவர்களேதான் சொன்னார்கள். "சாமியார் கண்டால்" என்று சொல்லவில்லை. "கனவிலே வந்தால்" என்று சொல்லவில்லை. வேதம், ஆகமம், புராணம், தலபுராணம் என்று வண்டி வண்டியாய் ஏடுகளை வைத்திருப்போர், கடைசியிலே சான்றிதழ் வாங்க எந்த வாசலுக்கு வருகிறார்கள் பார்த்தீர்களா? ஆய்வுக்கூடத்து வாசலுக்கு! கேள்வியிலேயே பாதி விடை அடங்கிவிட்டது. மெய்யை அளக்கும் கோல் எது என்பதிலே நமக்கும் அவர்களுக்கும் வழக்கே இல்லை என்றாகிவிட்டது. நன்றி!

விஞ்ஞானம் கண்டுபிடிப்பது என்றால் என்ன? இதற்கு உண்மையான ஒரு நிகழ்ச்சியே கைவசம் இருக்கிறது. கடவுளை விஞ்ஞானம் கண்டுபிடித்துவிட்டது என்று உலகமே ஒருமுறை பேசிற்று. 2012-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4-ஆம் நாள். செனீவா நகருக்கு அருகே, செர்ன் ஆய்வகத்திலே, தரைக்கு ஏறத்தாழ நூறு மீட்டர் கீழே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்க வளையத்திலே புரோட்டான்களை மோதவிட்டு, ஹிக்ஸ் போசான் எனத்தக்க ஒரு புதிய துகளைக் கண்டதாக அறிவித்தனர். "கடவுள் துகள் அகப்பட்டது" என்று தமிழ் ஏடுகளும் எட்டுக் காலத்திலே எழுதின. "பார்த்தீர்களா, விஞ்ஞானியே ஒப்புக்கொண்டுவிட்டான்!" என்று நம் ஊர்த் தெருக்களிலும் எக்காளம் கேட்டது. அன்று பள்ளி மாணவராக இருந்த நாமும் கேட்டோம், சற்றுக் கலங்கவும் கலங்கினோம். மறைப்பானேன்?

பிறகுதான் அந்தப் பெயரின் பிறப்பை அறிந்தோம். அமெரிக்க இயற்பியலறிஞர் லியோன் லெடர்மன் 1993-இல் எழுதிய நூலின் தலைப்பு அது. எத்தனை தேடியும் அகப்படாமல் அலைக்கழித்த அந்தத் துகளைத் திட்டி, பாழாய்ப்போன துகள் என்ற பொருளிலே பெயரிட எண்ணியதாகவும், பதிப்பாளர் இசையவில்லை என்றும் அவரே வேடிக்கையாகச் சொன்னார். வசைச் சொல் வாழ்த்துச் சொல் ஆகிவிட்டது! அந்தத் துகளை 1964-இலேயே கணித்துச் சொன்ன பீட்டர் ஹிக்சோ நாத்திகர். அந்தப் பெயர் தமக்குப் பிடிக்கவில்லை என்று பலமுறை கூறியவர். 2013-இல் நோபல் பரிசு பெற்று, 2024-இல் மறையும் வரை அவர் எந்தக் கோயிலுக்கும் அந்தத் துகளைக் காணிக்கையாகத் தரவில்லை. போசான் என்ற பின்பாதியோ, 1924-இல் டாக்காப் பல்கலைக்கழகத்திலே பணியாற்றியபடி உலகப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய சத்தியேந்திரநாத் போசின் பெயரால் வந்தது. ஒரு வங்காளி ஆசிரியரின் பெயரைத் தாங்கிய துகளுக்குக் கடவுளின் பெயரைச் சூட்டி, ஆசிரியரை மறந்துவிட்டது நாடு!

பெயரை விடுங்கள். கண்டுபிடித்த முறையைப் பாருங்கள். கணித்தது 1964, கண்டது 2012. நாற்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். "நம்புங்கள், கேள்வி கேளாதீர்" என்று ஹிக்ஸ் மடம் கட்டவில்லை. இரண்டு தனித்தனிக் குழுக்கள், அட்லாஸ் என்றும் சி.எம்.எஸ். என்றும் பெயர் கொண்டவை, தனித்தனிக் கருவிகளோடு தேடின. ஒரு குழுவின் முடிவு மற்றொரு குழுவின் முடிவோடு பொருந்தியது. வெறும் தற்செயலாக அப்படி ஒரு தோற்றம் எழுவதற்கு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்ற அளவுக்குச் சான்று குவிந்த பிறகே வாய் திறந்தார்கள். எடையும் சொன்னார்கள்: புரோட்டானைப்போல் ஏறத்தாழ 133 மடங்கு. கடவுள் துகள் என்று பெயர் வைத்தாலும் எடை போட்ட பிறகே ஏற்றார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதே ஆய்வகம் சம்பந்தப்பட்ட மற்றொரு கதையும் உண்டு. நமக்கு அதுவே இன்னும் இனிக்கிறது. 2011 செப்டம்பரில் ஒரு குழு, செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோவுக்கு நியூட்ரினோக்கள் ஒளியைக் காட்டிலும் 60 நானோ வினாடி முந்தி வந்ததாக அறிவித்தது. ஐன்ஸ்டைனே கவிழ்ந்தார் என்று ஏடுகள் ஆர்ப்பரித்தன. அந்தக் குழு என்ன செய்தது தெரியுமா? "எங்களுக்கே ஐயமாக இருக்கிறது, எங்கள் பிழையைத் தேடித் தாருங்கள்" என்று உலக அறிஞர்களை அழைத்தது. அடுத்த ஆண்டே பிழை அகப்பட்டது. சரியாக மாட்டப்படாத ஒரு ஒளியிழைக் கம்பி! அறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது. யாரும் தூக்கிலிடப்படவில்லை, யாருக்கும் மனம் புண்படவில்லை. கம்பியை இறுக்கினார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டுக் கடவுளரின் கம்பியை யாராவது இறுக்கிப் பார்க்க முடியுமா?

பார்த்தவர் ஒருவர் உண்டு. நம் எல்லைக்கு அப்பால், ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவிலே, பெங்களூரில். பேராசிரியர் நரசிம்மையா. அணுக்கரு இயற்பியலிலே அமெரிக்காவின் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர், கதர் கட்டியவர், மணமாகாமல் மாணவர் விடுதி அறையிலேயே வாழ்ந்தவர். அவர் பெயரின் முதலெழுத்தும் ஓசூர்தான்! நம் ஓசூர் அன்று, கௌரிபிதனூர் வட்டத்துச் சிற்றூர் ஓசூர். பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, 1976-இல், அற்புதங்களை ஆராய ஒரு குழு அமைத்தார். வெறுங்கையிலே விபூதியும் மோதிரமும் வரவழைப்பதாகப் புகழ் பெற்றிருந்த புட்டபர்த்திச் சாயிபாபாவுக்குக் கடிதம் எழுதினார்: ஆய்வுக்கு வாருங்கள், எங்கள் முன்னிலையிலே செய்து காட்டுங்கள். ஒரு முறை அன்று, மீண்டும் மீண்டும் எழுதினார். சோதனைக்கு இசைவு கிட்டவில்லை. துணைவேந்தர்மீதுதான் வசைமாரி பொழிந்தது.

கடல் கடந்து கொழும்பிலே ஆபிரகாம் கோவூர் இருந்தார். திருவல்லாவிலே 1898-இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியிலே தாவரவியல் கற்பித்தவர். நம்மைப்போன்ற வாத்தியார்தான்! ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலிலே ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுவோர்க்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று அறைகூவினார். 1978-இல் அவர் மறையும் வரை அந்தப் பணத்தை வாங்கிச் செல்ல ஒருவரும் வரவில்லை. ஆக, கடவுளைக் கண்டுபிடிக்க முயன்றவர் யார் என்று கேட்டால், வரலாறு காட்டுவது நாத்திகர்களைத்தான்! கதவைத் தட்டியவர்கள் நாம். தாழிட்டுக்கொண்டோர் அவர்கள். இப்போது அவர்கள் நம்மைப் பார்த்து, "கதவு திறந்தால் என்ன செய்வீர்?" என்று கேட்கிறார்கள்!

1995 செப்டம்பர் 21-ஐ நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளையார் பால் குடித்த நாள். டில்லியிலே தொடங்கி, நாடெங்கும் பரவி, கடல் கடந்தும் சென்ற கூத்து. சிலையின் தும்பிக்கையருகே கரண்டியை நீட்டினால் பால் குறைந்தது. அரசின் அறிவியல் பரப்புத் துறை விஞ்ஞானிகள் பாலிலே வண்ணம் கலந்து நீட்டினார்கள். பரப்பு இழுவிசையால் பால் கரண்டியை விட்டு இழுபட்டுச் சிலையின் மேல் மெல்லிய படலமாய் வழிந்து இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. விஞ்ஞானம் கண்டுபிடித்துவிட்டது! ஏற்றார்களா? "பால் வழிந்தது அறிவியல், பிள்ளையார் குடித்தது அருள்" என்று இரண்டையும் ஒரே குவளையில் ஊற்றிக் கலக்கிக் குடித்தார்கள்.

அம்மை நோய் மற்றொரு பாடம். எத்தனை நூற்றாண்டுகள் அதை மாரியாத்தாளின் முத்து என்று சொல்லிப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம்! 1796-இல் சென்னர் தடுப்பு முறையைக் கண்டார். 1980-இல் பெரியம்மை இவ்வுலகை விட்டே ஒழிந்தது என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. ஆத்தாள் அனுப்பிய முத்தை அடியோடு ஒழித்தது ஊசிமுனை. அந்தப் பாடம் படித்த நாட்டிலேதான், 2021 மே மாதம், தொற்று தலைவிரித்தாடிய நாளிலே, கோவைக்கு அருகே ஒரு மடம் "கொரோனா தேவி"க்குச் சிலை நிறுவி வழிபாடு நடத்திற்று! நச்சுயிரின் படத்தை ஏடுகளெல்லாம் வெளியிட்ட பிறகும்! இவர்கள் கேட்கிறார்கள், விஞ்ஞானம் சொன்னால் நீங்கள் ஏற்பீர்களா என்று!

சரி, எந்தக் கடவுளைக் கண்டுபிடிப்பார்கள்? இதைக் கேட்டால் அன்பர்கள் சற்று விழிக்கிறார்கள். ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேசுவரரையா? தேன்கனிக்கோட்டைப் பெருமாளையா? வானத்துப் பிதாவையா? அல்லாவையா? ஆய்வகம் எதையேனும் காணுமானால், அது இன்ன எடை, இன்ன ஆற்றல், இன்ன விதி என்றுதான் காணும். அதற்குப் பூணூல் உண்டா, திருமண் வடகலையா தென்கலையா என்றெல்லாம் அறிக்கை வராது! அப்படி ஒன்று அகப்பட்ட மறுநாள், அதிர்ச்சியிலே நோயுறுவது நாத்திகன் அல்லன். "இது எங்கள் கடவுள் இல்லையே!" என்று நீதிமன்றத்துக்கு ஓடப்போவது எல்லா மதத்துத் தர்மகர்த்தாக்களுமே.

கடிகார வாதத்தையும் கையோடு எடுத்து வருகிறார்கள். பெய்லி என்ற ஆங்கிலப் பாதிரியார் 1802-இல் எழுதிய பழைய வாதம்: வெட்டவெளியிலே ஒரு கடிகாரம் கிடந்தால், அதைச் செய்தவன் ஒருவன் இருந்தே தீரவேண்டுமல்லவா? உலகமும் அப்படியே! இந்த வாதத்தை வேறு எந்த ஊரிலே சொன்னாலும் ஒருவேளை செல்லும். ஓசூரிலே செல்லாது ஐயா, செல்லாது! டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகார ஆலை நிற்கும் ஊர் இது. கடிகாரத்தை எவன் செய்கிறான் என்று இங்கே எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஒருவன் செய்வதில்லை. பல நூறு பேர் செய்கிறார்கள். சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து விடியலிலே பேருந்தேறி வந்த பெண்கள் செய்கிறார்கள். பல்சக்கரம் ஒருத்தி கை, முள் இன்னொருத்தி கை, கண்ணாடி மூன்றாமவள் கை. ஆகவே பெய்லியின் வாதம் மெய்யானால் உலகத்தைச் செய்தது ஒரு கடவுள் அன்று, ஷிப்ட்டு முறையிலே உழைத்த ஒரு கூட்டம்! பெய்லி எழுதுவதற்கு முன்பே, 1779-இல் வெளிவந்த நூலிலே டேவிட் ஹியூம் இதை இடித்துக் காட்டிவிட்டார்: கப்பலையும் வீட்டையும் பலர் கூடித்தானே கட்டுகிறார்கள், உலகத்தைக் கட்டியவன் மட்டும் ஒருவன் என்பது எப்படி என்று கேட்டார். ஹியூமைப் படிக்காத நம் தாய்மார்கள் அதைத் தொழிற்சாலையிலே நாள்தோறும் மெய்ப்பிக்கிறார்கள்.

இப்போது வழக்கின் நடுநாடிக்கு வருவோம். கடவுள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார் என்றே கொள்வோம். எடை போட்டாயிற்று, இரு குழுக்களும் ஒப்பின, பிழையான கம்பி எதுவும் இல்லை. இருக்கிறார்! அடுத்து என்ன? கும்பிடு போடுவோமா?

இங்கேதான் ஆத்திக அன்பர்கள் ஒரு தாவல் தாவுகிறார்கள். இருக்கிறார் என்றால் தொழவேண்டும் என்று தாமே முடிவு செய்துகொள்கிறார்கள். இருப்பது வேறு, தொழத்தக்கது வேறு. சிப்காட்டிலே எத்தனையோ ஆலைகள். ஒவ்வொன்றுக்கும் முதலாளி இருக்கிறார், ஐயமே இல்லை. ஊதியம் தருகிறார், வேலையை விட்டு நீக்கவும் வல்லவர். அதற்காகத் தொழிலாளி நாள்தோறும் அவர் காலிலே விழுந்து கற்பூரம் காட்டுகிறானா? சங்கம் அமைக்கிறான், கோரிக்கைப் பட்டியலை நீட்டுகிறான். முதலாளி கண்ணுக்குத் தெரியாதவரை முணுமுணுப்பு, தெரிந்துவிட்டாலோ பேச்சுவார்த்தை! கடவுள் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலே நாத்திகன் செய்யப்போவது இதுதான். மாலையோடு வரமாட்டான், மனுவோடு வருவான்.

அந்த மனுவிலே முதல் வரி எது? 2004-ஆம் ஆண்டு சூன் திங்களில் செர்ன் ஆய்வகத்து வளாகத்திலே, இந்திய அரசு அன்பளிப்பாகத் தந்த இரண்டு மீட்டர் உயர நடராசர் சிலை திறக்கப்பட்டது. துகள்களின் நடனமும் தில்லைக் கூத்தனின் நடனமும் ஒன்றே என்று பூரித்தார்கள். "அணு விஞ்ஞானக் கூடத்திலே ஆண்டவன்!" என்று இன்றும் அந்தப் படத்தைக் காட்டி நம்மை மடக்க வருகிறார்கள். அரசு தந்த சிலை அது. ஆய்வகம் கண்டெடுத்த கடவுள் அன்று. சுங்கச் சீட்டோடு போனது! அது திறக்கப்பட்டு ஒரு திங்கள் கூட ஆகவில்லை. சூலை 16. கோயில்களின் நகரமாம் குடந்தையிலே, கூரைக்கொட்டகைப் பள்ளியொன்றிலே, சமையற்கூடத்து நெருப்பு கீற்றிலே தாவி, 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள். தொண்ணூற்று நான்கு! நாம் நாள்தோறும் வகுப்பிலே வருகைப் பதிவேடு படிக்கிறோம். ஒரு பெயரைப் படித்து "உள்ளேன் ஐயா" என்ற குரல் வராவிட்டால் அரை நொடி பேனா நிற்கிறது. தொண்ணூற்று நான்கு முறை நிற்கும் பேனாவை எண்ணிப் பாருங்கள்.

கடவுள் இல்லை என்றால் அந்தத் தீ மனிதரின் கவனக்குறைவு. பேராசை, சட்ட மீறல், கண்மூடிய அதிகாரம் என்று காரணங்களை அடுக்கலாம், வழக்குத் தொடுக்கலாம், கீற்றுக் கூரையை அகற்றலாம். அப்படித்தான் அதன் பிறகு பள்ளிகளிலே கூரைகள் அகற்றப்பட்டன. ஆனால் கடவுள் இருக்கிறார் என்று விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டால்? எல்லாம் அறிந்தவர், எல்லாம் வல்லவர், அன்றும் அங்கே இருந்தார் என்று மெய்ப்பித்துவிட்டால்? அன்பர்களே, அந்த நாளிலே அவரை நாத்திகனிடமிருந்து காப்பாற்றத்தான் நீங்கள் ஓடிவர வேண்டியிருக்கும்! இல்லை என்று சொல்லி இதுநாள்வரை அவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து வைத்திருப்பவர்கள் நாங்கள்தாம். அவருக்கு எங்களைவிடச் சிறந்த வழக்கறிஞர் கிடையாது.

இரண்டாவது வரி, சாதி. 1924-இல் வைக்கத்திலே பெரியார் சிறை சென்றது எதற்காக? கடவுளின் எடையைக் கண்டறியவா? கோயிலைச் சுற்றிய தெருவிலே மனிதன் நடப்பதற்காக! நம் வழக்கு என்றைக்கும் வானத்தோடு தொடங்கியதில்லை, தெருவோடுதான் தொடங்கியது. தெருவை மறித்தவன் வானத்தைக் காட்டினான், ஆகவே வானத்தையும் விசாரிக்க நேர்ந்தது. எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்பதற்காக 1970-இல் கலைஞர் அரசு சட்டம் செய்தது. வழக்குகள், தடைகள், மீண்டும் 2006-இல் முயற்சி, மீண்டும் வழக்குகள். முறையாகப் பயின்ற 24 பேர் பணி ஆணை பெற்றது 2021 ஆகஸ்டு 14-இல். ஐம்பத்தோராண்டு! ஹிக்ஸ் துகள் அகப்பட நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின என்று மேலே சொன்னோமே, அண்டத்தின் இரகசியம் அதைவிட விரைவிலே திறந்துகொண்டது! கடவுள் கண்டுபிடிக்கப்பட்டால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி: கருவறைக்குள் இவன் வரலாம், அவன் வரக்கூடாது என்று நீர் சொன்னீரா? சொன்னேன் என்றால், இருந்தும் வணங்கத்தகாதவர். சொல்லவில்லை என்றால், இத்தனை நூற்றாண்டு உம் பெயரால் பொய் சொன்னவர்களை எழுத்துமூலம் மறுத்து அறிக்கை விடும்!

நம் கூடாரத்தையும் நாம் ஒளிக்காமல் பேசவேண்டும். சான்று வந்தால் எல்லா நாத்திகரும் மகிழ்ந்து ஏற்பர் என்று சொன்னால் அது பொய். நம்மிலும் பழக்கத்தால் மறுப்போர் உண்டு. அப்பா கருப்புச் சட்டை, ஆகவே பிள்ளையும் கருப்புச் சட்டை என்று, நாத்திகத்தையே பிறப்புரிமைபோல் தாங்குவோர் உண்டு. மேடையிலே கர்ச்சித்துவிட்டு வீட்டுத் திருமணத்துக்கு நாள் பார்ப்போரும் உண்டு. பெயர் சொல்ல வேண்டாம், அவரவர்க்குத் தெரியும். ஆண்டனி ஃபுளூ என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர், வாழ்நாளெல்லாம் நாத்திகத்துக்கு வாதாடியவர், 2004-இல் ஏதோ ஓர் அறிவு இவ்வுலகுக்குப் பின்னே இருக்கிறது என்று கருத்தை மாற்றிக்கொண்டார். அப்போது மேலை நாட்டு நாத்திகரில் சிலர், "கிழவருக்கு மூளை தளர்ந்துவிட்டது" என்று பேசினார்கள். அது நமக்கு அழகன்று. அவர் சொன்ன காரணத்தை எடைபோட்டுத் தள்ளுவதே முறை. வயதை எடைபோடுவது வைதீகம். தமிழ்நாட்டிலே கண்ணதாசன் நம்மை விட்டுப் போய் இந்து மதத்துக்கு அர்த்தம் எழுதினார். கேலி செய்தோம், மறுத்து எழுதினோம். ஆனால் அவர் பாட்டு வானொலியிலே வந்தால் நிறுத்திவிட்டோமா? இன்றும் நம் தோழர் வீடுகளிலே அது ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. தொரப்பள்ளி கிராமம் ஓசூருக்கு அருகேதான், அங்கே 1878-இல் பிறந்த இராசாசி வாழ்நாளெல்லாம் ஆத்திகர். பெரியாரோ வாழ்நாளெல்லாம் நாத்திகர். 1953-இல் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து நின்ற அதே பெரியார், 1972 டிசம்பரில் இராசாசியின் உடல் எரியூட்டப்பட்ட இடத்திலே கண்ணீர் விட்டு அழுதார். தோற்றுப்போன வாதத்துக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளவில்லை.

வெட்டினார்கள் என்றதும் நெஞ்சு கனக்கிறது. நாங்கள் என்ன செய்வோம் என்று கேட்கிறீர்களே, நீங்கள் என்ன செய்தீர்கள்? 2013-இல் புனாவிலே தபோல்கர். 2015-இல் கோலாப்பூரிலே பன்சாரே, தார்வாரிலே கல்புர்கி. 2017 மார்ச்சில் நம் கோவையிலே ஃபாரூக், தான் பிறந்த மதத்தைக் கேள்வி கேட்ட குற்றத்துக்கு. அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பெங்களூரிலே, தம் வீட்டு வாசலிலேயே கௌரி லங்கேஷ். மறுநாள் காலை ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் பேருந்துகள் எப்போதும்போல் ஜூஜூவாடியைத் தாண்டிச் சென்றன. உள்ளே அமர்ந்திருந்தவர்கள் அந்தச் செய்தித்தாளை மடித்து மடியிலே வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மதத்தார் மட்டும் செய்தது என்று சொல்ல வரவில்லை. இல்லை என்ற ஒரு சொல்லுக்குத் தோட்டாவும் அரிவாளும் விடையாக வந்தன. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்திலே எழுதிச் சேர்த்த நாட்டிலே! கடவுள் உண்டு என்று நாளை மெய்ப்பிக்கப்பட்டால், அதற்காக எந்த ஆத்திகரின் வாசலிலும் எந்த நாத்திகனும் துப்பாக்கியோடு நிற்கமாட்டான். இதை எழுதித் தரத் தயார்.

பட்டறைக்காரரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பொரி தீருமுன் சொல்லக்கூடியதைத்தான் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவர், குங்குமம் அப்பிய லேத்தின் மேலிருந்த மைக்ரோமீட்டரை எடுத்துத் துணியால் துடைத்தார். அதன் நெற்றியிலும் யாரோ சந்தனம் வைத்திருந்தார்கள். "இதுல மட்டும் பொட்டு வைக்காதீங்கடா, நாளைக்கு அளவு தப்பும்" என்று பையன்களைக் கடிந்துகொண்டே, திருகாணி வரை சுத்தமாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு நம்மைப் பார்த்தார், நாம் அவரைப் பார்த்தோம். இருவருமே சிரித்துவிட்டோம். "சரி வாத்தியாரே, இன்னொரு கை பொரி எடுங்க" என்றார்.